இயேசு தம்மைக் கடவுள் என்று சொன்னாரா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: “‘நான் கடவுள், என்னை வணங்குங்கள்’ என்று இயேசு சொன்ன ஒரே ஒரு வசனத்தைக் காட்டு” என்று நண்பர் கேட்கிறார். தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. இருக்கிறதா, இல்லையா?

பதில்: இல்லை. அந்தச் சொற்களில், அப்படி ஒரு வாக்கியம் நான்கு நற்செய்திகளில் எதிலும் இல்லை. அதுவரைக்கும் உங்கள் நண்பர் சொல்வது சரி.

ஆனால் இதையும் அவரிடம் கேளுங்கள். ‘நானே மேசியா’, அதாவது யூதர்கள் எதிர்பார்த்திருந்த அரசர், என்று இயேசு தாமாக முன்வந்து கூட்டத்தின் நடுவே அறிவிக்கும் காட்சி மட்டும் எங்கே இருக்கிறது? பிலிப்பு செசரியா பகுதியில் பேதுரு அதைச் சொன்னதும், யாரிடமும் சொல்லக்கூடாது என்று கண்டிப்பாகக் கட்டளையிடுகிறார் (மாற்கு 8:29-30). சிறையிலிருந்த யோவான் ஸ்நானகன் ஆளனுப்பி, “வருகிறவர் நீர்தானா?” என்று கேட்டபோதும் ஆம், இல்லை என்று பதில் வரவில்லை. குருடர் பார்க்கிறார்கள், முடவர் நடக்கிறார்கள், போய்ச் சொல்லுங்கள் என்கிறார் (மத்தேயு 11:2-6). அப்படியிருந்தும் அவருடைய சிலுவையின்மேல் எழுதப்பட்ட குற்றம் ‘யூதருடைய ராஜா’ என்பதுதான். தம்மைப் பற்றி நேரடி அறிவிப்புச் செய்கிற பழக்கம் அவருக்கு இல்லை. செயலாலும் உவமையாலும், கேட்டவரையே யோசிக்க வைக்கும் பதிலாலும் பேசியவர் அவர். அதனால் ஒரு வாக்கியம் இல்லை என்பது ஒரு உரிமைகோரலே இல்லை என்பதற்குச் சான்றாகாது. இருந்தது என்பதற்கும் அது சான்றாகாது. ஒவ்வொரு பகுதியாகத்தான் பார்க்க வேண்டும்.

பார்க்கும்போது காலத்தை மறக்கக்கூடாது. இயேசுவின் ஊழியம் முடிந்தது கி.பி. 30 அல்லது 33. பவுலின் கடிதங்களில் பெரும்பாலானவை 50களில் எழுதப்பட்டவை. மாற்கு ஏறக்குறைய 70ஐ ஒட்டியும், மத்தேயுவும் லூக்காவும் 80-90 வாக்கிலும், யோவான் 90-100 வாக்கிலும் எழுதப்பட்டன என்பது ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கருத்து. இயேசு பேசியது அரமேயம், நம் கையிலிருப்பது கிரேக்கம். ‘யோவான் என்ன நம்பினார்’ என்பது ஒரு கேள்வி, ‘கி.பி. 30இல் கலிலேயாவில் என்ன பேசப்பட்டது’ என்பது வேறு கேள்வி. இந்த விவாதத்தில் நடக்கும் சண்டைகளில் பாதி, இவ்விரண்டையும் ஒன்றாக்குவதால் வருகிறது.

கேள்வி: திமிர்வாதக்காரனிடம் “உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டது” என்கிறார். பாவத்தை மன்னிப்பது கடவுள் மட்டும்தானே? இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டுமா?

பதில்: இது மாற்கு 2:1-12. முக்கியமான பகுதிதான், ஆனால் முதல் வரியில் நிறுத்திவிட்டால் வாதம் நிற்காது. ‘மன்னிக்கப்பட்டது’ என்பது செயப்பாட்டு வினை. கடவுளின் பெயரைச் சொல்லாமல் அவர் செய்ததைச் சொல்ல யூதர்கள் பயன்படுத்திய முறை அது. தாவீதிடம் நாத்தான் தீர்க்கதரிசியும் கர்த்தர் உன் பாவத்தை நீக்கிவிட்டார் என்றுதான் சொன்னார் (2 சாமுவேல் 12:13). அதற்காக நாத்தானை யாரும் கடவுளாக்கவில்லை. ஆகவே 5ஆம் வசனத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், ஒரு தீர்க்கதரிசியும் இதைச் சொல்லியிருக்கலாம்.

கனம் 10ஆம் வசனத்தில் இருக்கிறது. வேதபாரகர்கள், அதாவது யூதச் சட்ட அறிஞர்கள், “தேவன் ஒருவரேயன்றி யார் மன்னிக்க முடியும்?” என்று மனதுக்குள் குமுறும்போது, ‘நான் கடவுள் மன்னித்ததை அறிவித்தேன், அவ்வளவுதான்’ என்று சொல்லி இயேசு எளிதில் விலகியிருக்கலாம். விலகவில்லை. பூமியிலே பாவங்களை மன்னிக்க மனுஷகுமாரனுக்கு அதிகாரம் உண்டு என்று சொல்லி, அதை நிரூபிக்கவே அவனை எழுந்து நடக்கச் செய்கிறார். அந்தக் காலத்தில் பாவநிவிர்த்தி எங்கே நடந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். லேவியராகமம் 4ஆம் அதிகாரப்படி பலி வேண்டும், ஆசாரியன் வேண்டும். இங்கே பலியும் இல்லை, ஆசாரியனும் இல்லை. கப்பர்நகூமில் ஒரு வீட்டுக்குள், கூரையைப் பிரித்து இறக்கிய படுக்கையின்மேல் அது நடக்கிறது.

எதிர்த்தரப்பின் பலமான சான்றும் இதே சம்பவத்தில்தான் உள்ளது. மத்தேயு இதைச் சொல்லும்போது, மனிதருக்கு இப்படிப்பட்ட அதிகாரத்தைக் கொடுத்த தேவனை ஜனங்கள் மகிமைப்படுத்தினார்கள் என்று முடிக்கிறார் (9:8). அதாவது, கொடுக்கப்பட்ட அதிகாரம். என் கருத்து: தீர்க்கதரிசி என்ற அளவை இந்தப் பகுதி தாண்டிவிடுகிறது, ஆனால் ‘நான் கடவுள்’ என்ற அறிவிப்பாக அதை மாற்றிவிட முடியாது. கடவுளுக்கே உரியதைக் கடவுளின் சார்பில், தம் சொந்த அதிகாரமாகச் செய்கிறார். மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் ஆறு முறை வரும் ‘நானோ உங்களுக்குச் சொல்கிறேன்’ என்பதும் இதே வகை. தீர்க்கதரிசிகள் ‘கர்த்தர் சொல்கிறார்’ என்றே தொடங்குவார்கள்.

கேள்வி: ‘தேவகுமாரன்’ என்றால் தெய்வத்தன்மை, ‘மனுஷகுமாரன்’ என்றால் மனிதத்தன்மை என்று சிறுவயதில் படித்தோம். சரிதானே?

பதில்: பிற்காலத் திருச்சபைப் போதனைக்கு அது வசதியான பிரிவு. முதல் நூற்றாண்டுப் பாலஸ்தீனத்தில் நிலைமை ஏறக்குறைய தலைகீழ்.

எபிரேய வேதத்தில் ‘கடவுளின் மகன்’ என்பது பலருக்கு வழங்கிய பெயர். இஸ்ரவேல் மக்கள் அனைவரும் சேர்ந்து கடவுளின் முதற்பேறான மகன் (யாத்திராகமம் 4:22). தாவீதின் வழியில் வரும் அரசன் மகன் (2 சாமுவேல் 7:14, சங்கீதம் 2:7). லூக்கா தம் வம்ச அட்டவணையில் ஆதாமையே தேவனின் மகன் என்று முடிக்கிறார் (3:38). ரோமர் தரப்பில், தெய்வமாக்கப்பட்ட சீசரின் மகன் என்று அகஸ்து தம்மைச் சொல்லிக்கொண்டார்; திபேரியுவின் தினாரியத்தில் ‘தெய்விக அகஸ்துவின் மகன்’ என்றே பொறித்திருந்தது. சீசருக்கு வரி கொடுக்கலாமா என்று கேட்டபோது இயேசுவிடம் காட்டிய காசு பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். ஆகையால் இந்தப் பட்டம் மட்டும் ‘கடவுள்’ என்று பொருள்படாது. பெரும்பாலான யூதர் காதில் அது ‘கடவுள் தேர்ந்த அரசன்’ என்றே விழுந்திருக்கும்.

மாற்கில் இந்தப் பட்டத்தை யார் உச்சரிக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். வானத்திலிருந்து வரும் குரல் (1:11, 9:7), பிசாசுகள் (3:11, 5:7), கேள்வியாகப் பிரதான ஆசாரியர் (14:61), சிலுவையடியில் நூற்றுக்கு அதிபதி (15:39). இயேசு தம் வாயால் சொல்வது 13:32இல் ‘குமாரன்’ என்று. 12:6இல் திராட்சத்தோட்ட உவமையில் மறைமுகமாக. அவ்வளவுதான்.

இப்போது ‘மனுஷகுமாரன்’. கத்தோலிக்கரும் மற்றச் சபையினரும் சேர்ந்து வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பில் இது ‘மானிடமகன்’. அரமேயத்தில் ‘பர் எனாஷ்’ என்றால் சாதாரணமாக ‘மனிதன்’. எசேக்கியேலைக் கடவுள் அப்படித்தான் 93 முறை அழைக்கிறார். ஆனால் தானியேல் 7:13-14இல் மனுஷகுமாரனைப் போன்ற ஒருவர் வானத்து மேகங்களோடு வந்து, எல்லா மக்களும் சேவிக்கும்படி அழியாத ஆட்சியைப் பெறுகிறார். நற்செய்திகளில் 80 தடவைக்கு மேல் இந்தச் சொல் வருகிறது; ஏறக்குறைய எல்லா இடத்திலும் இயேசுவின் வாயிலிருந்தே. பவுல் ஒருமுறைகூட இதைப் பயன்படுத்தவில்லை. பிற்காலச் சபை அவரைக் கூப்பிட விரும்பாத ஒரு பெயரை அதே சபை உருவாக்கி அவர் வாயில் வைத்திருக்குமா? இது இயேசுவின் சொந்தப் பேச்சுவழக்கு என்பதை ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஒப்புக்கொள்வதற்குக் காரணம் இதுதான். எந்தெந்த இடத்தில் ‘நான்’ என்பதற்குப் பதிலாகவும், எந்தெந்த இடத்தில் தானியேலின் உருவத்தைச் சுட்டியும் சொன்னார் என்பதில்தான் சண்டை.

விசாரணைக் காட்சியில் இரண்டு பட்டங்களும் சந்திக்கின்றன. “நீ ஸ்தோத்திரத்துக்குரியவருடைய குமாரனாகிய கிறிஸ்துவா?” என்று கேட்கப்பட்டபோது, மாற்கு 14:62இல் “நான்தான்” என்று நேராகச் சொல்லி, மனுஷகுமாரன் வல்லமையின் வலதுபாரிசத்தில் உட்கார்ந்திருப்பதையும் மேகங்களோடு வருவதையும் காண்பீர்கள் என்கிறார். சங்கீதம் 110:1ஐயும் தானியேல் 7:13ஐயும் ஒரே மூச்சில் இணைக்கும் பதில் இது. மத்தேயுவில் “நீர் சொன்னபடிதான்” என்றும் (26:64), லூக்காவில் “நீங்களே சொல்லுகிறீர்கள்” என்றும் (22:70) அந்த நேரடித்தன்மை தளர்கிறது.

பிரதான ஆசாரியர் உடையைக் கிழித்துத் தேவதூஷணம் என்றது எதற்காக? மேசியா என்று சொல்வது மட்டும் தூஷணம் ஆகாது. சுமார் நூறு ஆண்டு கழித்து, ரோமரை எதிர்த்துக் கிளம்பிய பர் கோக்பாவை மேசியா என்று ரபி அக்கிபா ஏற்றதாக யூத மரபு சொல்கிறது. தவறாகக் கணித்தார் என்றார்களே தவிர தூஷணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் தானியேல் 7இல் வரும் ‘சிங்காசனங்கள்’ என்ற பன்மைக்கு, ஒன்று கடவுளுக்கு, ஒன்று தாவீதுக்கு என்று அதே அக்கிபா விளக்கம் சொன்னபோது, கடவுளின் மகிமையை இப்படித் தாழ்த்தலாமா என்று சக ரபி ஒருவர் அவரைக் கடிந்துகொண்டதாக, ரபிகளின் போதனைத் தொகுப்பான தால்முத் பதிவு செய்திருக்கிறது. கடவுளுக்குப் பக்கத்தில் உட்காருவதுதான் தொடக்கூடாத இடம். இயேசுவின் பதில் தொட்டதும் அதைத்தான். யோவானுக்கு முந்தைய மூன்று நற்செய்திகளில், அதாவது மத்தேயு, மாற்கு, லூக்காவில், தெய்விக உரிமைக்கு மிக அருகில் வரும் சொல்லாக நான் இதையே எடுத்துக்கொள்வேன். பாவமன்னிப்புச் சம்பவம்கூட இதற்கு அடுத்துதான்.

கேள்வி: யோவானில் “ஆபிரகாம் உண்டாகிறதற்கு முன்னமே நான் இருக்கிறேன்”, “நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்” என்று நேரடியாகவே இருக்கிறதே. பிறகு ஏன் இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டும்?

பதில்: யோவானின் நற்செய்தி இயேசுவைத் தெய்வமாகக் காட்டுகிறதா என்றால், ஆம், ஐயமே இல்லை. முதல் வசனத்தில் வார்த்தை தேவனாயிருந்தது என்று தொடங்கி, 20:28இல் தோமாவின் “என் ஆண்டவரே, என் தேவனே” என்ற அறிக்கைக்கு வந்து சேர்கிறது.

‘நான் இருக்கிறேன்’ என்பது கிரேக்கத்தில் ‘எகோ எய்மி’. இது தனியாக நின்றால் மந்திரச் சொல் அல்ல. பார்வை பெற்ற குருடனும் ‘நான்தான் அவன்’ என்பதற்கு அதே இரண்டு சொற்களைத்தான் சொல்கிறான் (9:9). அதனால் ‘எகோ எய்மி’ வருகிற இடமெல்லாம், கடவுள் மோசேயிடம் ‘இருக்கிறவராக இருக்கிறேன்’ என்று தம் பெயரைச் சொன்ன யாத்திராகமம் 3:14 என்று கோடு போடுவது பிழை. ஆனால் 8:58இல் இலக்கணமே வேறு. ஆபிரகாமுக்கு ‘உண்டானான்’ என்ற வினை, தமக்கு ‘இருந்தேன்’ என்றுகூட இல்லாமல் ‘இருக்கிறேன்’ என்ற நிகழ்காலம். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இந்த உறுத்தலை மழுப்பாமல் அப்படியே காப்பாற்றியிருக்கிறது. ஏசாயா 43:10இன் கிரேக்க மொழிபெயர்ப்பில் கடவுள் பேசும் ‘நானே’ என்ற தொனியும் இதில் கேட்கிறது. கேட்டவர்கள் கல்லெடுத்தார்கள்.

10:30இல் ‘ஒன்று’ என்பது ‘ஹென்’, அஃறிணை ஒருமை. ‘ஒருவர்’ என்று இருந்திருந்தால் ஆண்பால் ‘ஹெய்ஸ்’ வந்திருக்க வேண்டும். ஆகவே ‘பிதாவும் நானும் ஒரே ஆள்’ என்பது இதன் பொருளல்ல. மறுபுறம், இது வெறும் கருத்தொற்றுமை என்று சுருக்கவும் முடியாது; சற்று முன்னால் இருவர் கையிலிருந்தும் ஆடுகளை யாரும் பறிக்க முடியாது என்று ஒரே வல்லமையைப் பற்றிய பேச்சு. அதே யோவானில்தான் “பிதா என்னிலும் பெரியவர்” (14:28) என்பதும், குமாரன் தாமாக எதையும் செய்ய மாட்டார் (5:19) என்பதும் இருக்கின்றன. ஒன்றை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர் யோவானைப் பாதி படித்தவர்.

இனி சுற்றி வளைப்பதன் காரணம். இவ்வளவு வெளிப்படையான வாக்கியங்கள் எருசலேமில் பலர் முன்னால் சொல்லப்பட்டிருந்தால், மற்ற மூன்று நற்செய்திகளும் ஏன் ஒன்றைக்கூடக் குறிக்கவில்லை? மாற்கு எதையோ மறைக்கிற ஆள் அல்ல. முதல் வரியிலேயே தம் நோக்கத்தைச் சொல்லிவிடுகிறார். யோவானில் இயேசுவும், ஸ்நானகனும், நூலாசிரியரும் ஒரே நடையில் பேசுகிறார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது; 3ஆம் அதிகாரத்தில் இயேசுவின் பேச்சு எங்கே முடிந்து ஆசிரியரின் விளக்கம் எங்கே தொடங்குகிறது என்று இன்றும் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. அந்த நீண்ட உரைகள் பல பத்தாண்டு தியானத்தில் விளைந்த வடிவம் என்று நினைக்கிறேன். வேர் இல்லாமல் விளைந்தவை என்று நினைக்கவில்லை. மத்தேயு 11:27ஐ வாசியுங்கள்: பிதாவைத் தவிர வேறொருவனும் குமாரனை அறியான், குமாரனைத் தவிர வேறொருவனும் பிதாவை அறியான். யோவானிலிருந்து தவறி விழுந்த வசனம் போலிருக்கும். லூக்கா 10:22இலும் இருக்கிறது.

கேள்வி: “என்னை நல்லவன் என்று சொல்வானேன்? தேவன் ஒருவர் தவிர நல்லவன் ஒருவனும் இல்லையே” என்று அவரே மறுத்துவிட்டார் அல்லவா?

பதில்: மாற்கு 10:18. இயல்பாகப் படித்தால் கடவுளையும் தம்மையும் வேறுபடுத்தும் வாக்கியம்தான். ‘அப்படியானால் நான் கடவுள் என்று புரிந்துகொள்’ என்ற மறைபொருள் அதில் இருப்பதாகச் சொல்லும் விளக்கத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. ‘நல்ல போதகரே’ என்று கூப்பிட்டு வந்த அந்தப் பணக்காரன் அடுத்த முறை ‘நல்ல’ என்பதை விட்டுவிட்டு வெறும் ‘போதகரே’ என்றுதான் கூப்பிடுகிறான். ஆனால் கடவுளின் கட்டளைகளைச் சொல்லி முடித்தபின், உனக்கு இன்னும் ஒன்று குறைவு, எல்லாவற்றையும் விற்று என் பின்னால் வா என்று இயேசு சொல்வதும் அதே பகுதிதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மத்தேயு 19:17ஐப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் பார்த்தால் மாற்கில் உள்ளதே இருக்கும். பழமையான சினாய், வத்திக்கான் கையெழுத்துப் படிகளில் அங்கே ‘நன்மையைப் பற்றி என்னை ஏன் கேட்கிறாய்?’ என்று இருக்கிறது. மத்தேயு அந்த உறுத்தலைத் தணித்திருக்கிறார். பின்னால் வந்த படியெடுப்பவர்கள் மாற்கோடு ஒத்துப்போகும்படி திருத்திவிட்டார்கள். பழைய மொழிபெயர்ப்பு அந்தப் பிற்காலப் படிகளின் வழியில் வந்தது. மத்தேயு 24:36இலும் இதே கதை: ‘குமாரனும் அறியார்’ என்பது பழம்படிகளில் உண்டு, பழைய மொழிபெயர்ப்பில் இல்லை, மாற்கு 13:32இல் மட்டும் இருக்கும். யோவான் 9:35இல் ‘தேவனுடைய குமாரன்’ என்பது பழம்படிகளில் ‘மனுஷகுமாரன்’. 1 யோவான் 5:7இல் பரலோகத்தில் சாட்சியிடும் மூவரைப் பற்றிய வரி பழைய கிரேக்கப் படிகளில் அறவே இல்லை. அதை வைத்து வாதாடவே வேண்டாம். இந்த நான்கு இடங்களிலும் பழைய மொழிபெயர்ப்பையும் பொது மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

கேள்வி: 325இல் நிகேயாவில் கூடிய ஆயர்கள் சங்கத்தில் ஓட்டுப் போட்டு இயேசுவைக் கடவுளாக்கினார்கள் என்கிறார்களே?

பதில்: தவறு. நிகேயாவில் மோதிய இரு தரப்பும் இயேசுவை வணங்கியவர்களே. குமாரன் படைக்கப்பட்டவரா, பிதாவோடு ஒரே சாரம் உடையவரா என்பதுதான் அங்கே கேள்வி. ஆரியு என்ற குரு முதலாவதைச் சொன்னார். சங்கம் இரண்டாவதைத் தீர்மானித்தது. அதற்கு இருநூறு ஆண்டு முன்பே, ஏறக்குறைய 112இல், கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி ஒரு தெய்வத்துக்குப் பாடுவதுபோல் கிறிஸ்துவுக்குப் பாடுகிறார்கள் என்று ஆளுநர் பிளினி பேரரசர் திராயானுக்கு எழுதினார்.

அதற்கும் முன்னே போகலாம். பிலிப்பியர் 2:6-11, தேவனுடைய ரூபமாயிருந்தவர் தம்மை வெறுமையாக்கினார் என்று பாடுகிறது. பவுலுக்கு முன்பே வழங்கிய பாடல் அது என்று பலர் கருதுகிறார்கள். 1 கொரிந்தியர் 16:22இல் கிரேக்கக் கடிதத்தின் நடுவே ‘மாரநாதா’ என்ற அரமேயச் சொல் மொழிபெயர்க்காமல் நிற்கிறது: ‘எங்கள் ஆண்டவரே, வாரும்’. அரமேயம் பேசிய முதல் சபை இயேசுவை நோக்கி வேண்டிய சொல், சிலுவைக்குப் பின் 25 ஆண்டுக்குள் கொரிந்து வரை போய்விட்டது. இயேசு தம்மைக் கடவுள் என்று சொல்லவில்லை என வாதிடும் பார்ட் எர்மனும், ஆதிச்சபை வழிபாட்டை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த லாரி ஹர்டாடோவும் இந்த நம்பிக்கை மிக விரைவில் தோன்றியது என்பதில் ஒத்துப்போகிறார்கள். உயிர்த்தெழுதலைப் பற்றிய அனுபவமே அதைப் பற்றவைத்தது என்பது பொதுவான முடிவு. அந்த நெருப்புக்கு விறகு ஊழியக் காலத்திலேயே, பாவமன்னிப்பிலும் ‘நானோ சொல்கிறேன்’ என்பதிலும் விசாரணைப் பதிலிலும் அடுக்கப்பட்டிருந்தது என்பது என் எண்ணம். வேறு எத்தனையோ தியாகிகள் உயர்த்தப்பட்டதாக யூதர்கள் நம்பினார்கள். அவர்களில் யாரிடமும் ‘வாரும்’ என்று வேண்டவில்லை.

கேள்வி: “பொய்யர், பைத்தியம், கடவுள் – மூன்றில் ஒன்றுதான்” என்ற வாதம் போதாதா?

பதில்: போதாது. அந்த வாக்கியங்களை அவர் அப்படியே சொன்னார் என்பதை முன்கூட்டி ஏற்றுக்கொண்டவரிடம் மட்டுமே அது செல்லும். கேள்வியே அதைப் பற்றியதாக இருக்கும்போது, ‘பின்னால் எழுதப்பட்டது’ என்ற நான்காவது வழியை அடைக்காமல் மூன்றை மட்டும் நீட்ட முடியாது.

கேள்வி: எங்கள் வேதபாடக் குழுவில் இதை நான்கு வாரம் எடுக்க விரும்புகிறோம். எப்படித் தொடங்குவது?

பதில்: வாரத்துக்கு ஒரு பகுதி போதும்: திமிர்வாதக்காரன், பணக்கார வாலிபன், விசாரணை, கடைசியாக யோவான் 10:22-39. யோவானை முதலில் எடுக்காதீர்கள். எடுத்தால் மற்ற மூன்றையும் அதன் கண்ணாடி வழியாகவே எல்லோரும் படிப்பார்கள். முதல் மூன்று வாரமும் அகலமான தாளில் மூன்று கட்டங்கள் போட்டு மத்தேயு, மாற்கு, லூக்காவை வசனத்துக்கு வசனம் நேராகக் கையால் எழுதுங்கள். அச்சிட்டதைக் கொடுத்தால் கண் தாவிவிடும், வேறுபாடு படாது. பிறகு பேசுவது யார் என்று நிறம் தீட்டுங்கள்: இயேசுவுக்கு ஒன்று, சீடருக்கு ஒன்று, எதிரிகளுக்கு ஒன்று, கதைசொல்லிக்கு ஒன்று. ‘தன்னைத் தேவனாக்குகிறாய்’ என்பது எதிரிகளின் நிறத்தில் விழும் (யோவான் 10:33). அதற்கு இயேசு ‘நீங்கள் தேவர்கள்’ என்ற சங்கீதம் 82:6ஐக் காட்டிச் சொல்லும் பதிலைத் தனியாக விவாதியுங்கள். கோட்பாட்டுச் சொற்களான திரித்துவம், இருசுபாவம் போன்றவற்றை நான்காம் வாரம் முடியும்வரை மேசையில் வைக்க வேண்டாம். அவை நுழைந்தால் வசனம் பார்க்கிற வேலை நின்று, பக்கம் பிரிந்துவிடுவார்கள்.

கேள்வி: பலர் அவரைப் பணிந்துகொண்டார்கள், அவர் தடுக்கவில்லை. அதுவே போதுமே?

பதில்: ‘ப்ரொஸ்குனேயோ’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு விழுந்து வணங்குதல் என்று பொருள், கடவுளுக்கும் செய்யலாம், அரசனுக்கும் செய்யலாம். மத்தேயு 18:26இல் கடன்பட்ட வேலைக்காரன் தன் எஜமானிடம் செய்வதும் அதே வினைதான். குஷ்டரோகி பணிந்தது (8:2) உதவி கேட்டு வந்தவனின் பணிவாக இருக்கலாம். படகில் இருந்தவர்கள் பணிந்தது (14:33) அதைவிடக் கனமானது, ஏனெனில் கடலை மிதித்து நடப்பது யோபு 9:8இல் கடவுளின் செயல். கொர்நேலியு விழுந்தபோது பேதுரு தடுத்தார் (அப்போஸ்தலர் 10:25-26), வெளிப்படுத்தலில் தூதன் தடுத்தான் (19:10), இயேசு தடுக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அந்த ஒப்பீட்டைச் செய்கிறவர் மத்தேயு 28:17ஐ முழுவதும் படிக்க வேண்டும். உயிர்த்தெழுந்தவரைக் கலிலேயா மலையில் பதினொருவரும் கண்டு பணிந்துகொண்டார்கள். சிலரோ சந்தேகப்பட்டார்கள் என்று அதே வசனம் சொல்கிறது.